அரிசி வாளிச் சாட்சி

அத்தியாயம் பதினொன்று

போன கிழமை நீங்கள் எங்களை விட்டுப் போனபோது யோகராணி அரிசி வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நின்றாள். ஏழு நாள் கழித்து வந்திருக்கிறீர்கள். அவள் இப்போதுதான் கையை வெளியே எடுக்கிறாள். கையில் என்னுடைய பழைய போன்.

புதிதாக வந்து குந்தியவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் நிருஷாவுக்கு இன்னும் மூன்று கிழமையில் கலியாணம். அழைப்புக் காட் எல்லாம் கொடுத்து முடிந்துவிட்டது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் இருக்கும் கிருபானந்தனுக்கு. அவர் யோகராணியின் ஒரே அண்ணன். பதின்மூன்று வருஷமாக எங்கள் வாசல்படி மிதிக்காதவர். மொன்ட்ரியாலில், செயின்ட்-மிஷேலில் இந்த வீட்டை வாங்கி நாங்கள் குடிபூரல் செய்தபோது அவருக்கு ஒருத்தரும் சொல்லவில்லையாம்.

"நான் போன் கோல் எடுத்து வாயாலை சொன்னனான்" என்று அன்றைக்கே நான் சொன்னேன். போன கிழமை வரைக்கும் அதையே சொன்னேன். யோகராணி என்னை நம்பினாள். கட்டின மனிசனை நம்பி, கூடப் பிறந்தவரைப் பொய்யன் என்று முடிவெடுத்துக்கொண்டாள்.

எங்கள் சனத்துக்கு, சொல்வது என்றால் வாயால் சொல்வதுதான். காட் என்பது பிரிட்ஜ் கதவில் ஒட்டுவதற்கு. சொல்ல வேண்டிய ஆள், சொல்ல வேண்டிய நேரத்தில், வாயைத் திறந்து சொல்ல வேண்டும். மொன்ட்ரியாலில் 'சொல்லேல்லை' என்ற ஒரு சொல்லுக்காகப் பிரிந்த குடும்பங்களை வரிசையில் நிறுத்தினால், வரிசை பாலத்தைத் தாண்டி லொங்குய் பஸ் நிலையத்தில் போய் முடியும். நான் நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நல்ல குளிர், பாதிப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள்.

"நீங்கள் அண்ணைக்கு எடுத்த கோல் இதுக்குள்ள இருக்கும்" என்றாள் யோகராணி, போனில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிக்கொண்டு. "அதைக் கொண்டுபோய் அவற்ர முகத்துக்கு முன்னால நீட்டுறன். பேந்து அவர் கலியாணச் சபைக்கு வந்துதானே ஆகவேணும்."

அதில்தான் எனக்குச் சிக்கல். அந்தப் போனுக்குள் கோல் இல்லை. ஏனென்றால் நான் கோல் எடுக்கவில்லை.

மெசேஜ் அனுப்பினேன்.

என்னில் மட்டும் பிழை சொல்லாதீர்கள். அந்தப் போனைக் கண்டிருந்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். டச் போன் வந்த தொடக்கம் அது. மற்றவர்களுடைய போன் வெறும் கண்ணாடி. என்னுடையதில் கண்ணாடியை ஒரு பக்கமாகத் தள்ளினால், 'டக்' என்று கீழே இருந்து ஒரு கீபோட் வெளியே வரும். நாலு வரிசைப் பொத்தான். இருட்டில் நீல வெளிச்சம் வேறு. கோயில் மண்டபத்தில் ஒருநாள் அதை 'டக்' என்று திறந்தேன், முன்வரிசையில் இருந்த மூன்று பேர் நிலத்தில் படுத்துவிட்டார்கள். எங்கள் ஊர்ச் சண்டைக்குள்ளிருந்து வந்தவர்கள், பழக்கதோஷம். அதன் பாரத்தால் என் வலது தோள் இடது தோளைவிட அரை இஞ்சி பதிந்துதான் இன்றைக்கும் இருக்கிறது. சட்டை தைக்கிறவருக்குத் தெரியும்.

அப்படி ஒரு கீபோட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது வாயால் கதைப்பார்களா? பக்கத்து அறையில் இருந்த யோகராணிக்கே தேத்தண்ணி கேட்டு மெசேஜ் அனுப்பினவன் நான்.

குடிபூரல் அன்றைக்கே போன் செத்தது. பால் பொங்கும்போது படம் எடுக்கக் குனிந்தேன், கை வழுக்கி, தலைகீழாகப் பானைக்குள். தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் வைத்தால் ஈரம் இழுக்கும் என்று யாரோ சொன்னார்கள். எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. பதின்மூன்று வருஷம் வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி. சாப்பாட்டு மேசையில் விசாரணை தொடங்கியது. நிருஷா ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள். பொறுமை அவளுக்குத் தொழில். இணையத்தில் தேடி அதே மாதிரி பற்றரி ஒன்றும் பழைய சார்ஜர் வயர் ஒன்றும் எடுத்து வைத்திருந்தாள்.

"இது எழும்பாது பிள்ளை" என்றேன். "பால் குடிச்ச போன்."

"எழும்பும் அப்பா."

எழும்பியது. நன்றி கெட்ட சாமான். எனக்குத் தேவைப்பட்ட நாளில் ஒருநாளும் ஒரு தரத்தில் எழும்பாதது, இன்றைக்குச் சூரியகாந்திப் பூ மாதிரி எழும்பியது. திகதி 1970 தை முதலாம் நாள் என்று காட்டியது. அந்தத் திகதியில் நான் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தேன்.

பிறகு ஒன்பது புள்ளி வந்தது. மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. விரலை எடுக்காமல் சரியான வழியில் கீறினால்தான் திறக்கும்.

"கீறுங்கோ" என்றாள் யோகராணி.

"மறந்துபோச்சு."

"சும்மா கீறுங்கோ அப்பா, விரலுக்கு ஞாபகம் இருக்கும்" என்றாள் நிருஷா.

விரலுக்கு நல்ல ஞாபகம் இருந்தது. அதனால்தான் அதைப் பிடித்து வேறு பக்கம் இழுக்க வேண்டியிருந்தது. ஒரு தரம் சதுரம் கீறினேன். ஒரு தரம் பட்டம் கீறினேன். ஒரு தரம் யாழ்ப்பாணக் குடாநாட்டைக் கடல்நீரேரியோடு கீறினேன். எல்லாம் பிழை. ஐந்து பிழைக்கு ஒரு தரம், முப்பது செக்கன் காத்திரு என்று போன் சொல்லும். யோகராணி அகப்பையோடு பக்கத்தில் நிற்கும்போது முப்பது செக்கன் எவ்வளவு நீளம் என்று எந்த விஞ்ஞானியும் இன்னும் அளக்கவில்லை.

"என்னப்பா, சுத்திச் சுத்திக் கீறுறியள்? கோலமோ போடுறியள்?"

"நீ பக்கத்திலை நிண்டால் எனக்குக் கை நடுங்குது."

"முப்பத்தஞ்சு வருஷமா நடுங்காத கை."

பதினைந்து பிழை முடிந்தது. நிருஷா போனை வாங்கித் தன் விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள். முகம் மாறியது.

"அப்பாவிலை பிழையில்லை அம்மா. மேல் பாதி செத்துப்போச்சு. பால் அந்தப் பக்கத்தாலைதான் போயிருக்கு. மேல் வரிசை மூண்டு புள்ளியும் வேலை செய்யேல்லை."

எனக்குள் ஒரு தேர் இழுத்த சந்தோஷம். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டேன்.

"இன்னும் அஞ்சு தரம்தான் இருக்கு" என்றாள். "அதுவும் பிழைச்சால் ஈமெயில் கேட்கும். இந்தப் பழசு இப்பத்தைய இன்ரநெட்டோட சேராது. பேந்து ஒருநாளும் திறக்கேலாது."

"அப்ப விடு பிள்ளை. விதி அப்பிடி."

"விடு எண்டு சொல்லாதேங்கோ!" மேசையில் கையால் அடித்தாள். கார்டெரிப் பொறுமை முடிந்துவிட்டது. "ரெண்டு மாதமா நானும் ஒவ்வொரு வழியாப் பாக்கிறன். மாமாக்கு நானே எடுத்தன், 'உன்னிலை எனக்குக் கோவம் இல்லை, ஆனால் வரமாட்டன்' எண்டு வைச்சிட்டார். அம்மாவைக் கேட்டால் அண்ணை பொய் சொன்னவர் எண்டுறா. உங்களைக் கேட்டால் பகிடி விடுறியள். மாமாதான் என்னை மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். சின்னனிலை இருந்து நான் நினைச்சு வைச்சது அது ஒண்டுதான். வேற ஒண்டும் நான் கேக்கேல்லை. கலியாண ஹோல் நீங்கள் சொன்னது. சாப்பாடு நீங்கள் சொன்னது. என்ர சாறியின்ர நிறம்கூட அம்மா சொன்னது!"

நான் ஒரு பகிடி தேடினேன்.

யோகராணி மகளின் கையிலிருந்து போனை எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள்.

"நிருஷா, உந்தப் போனை இவர் ஒருநாளும் நிமித்திப் பிடிச்சு நான் காணேல்லை" என்றாள். "எப்பவும் படுக்கப்போட்டு, வாயைப் பிளந்துதானே வைச்சிருப்பார்."

கண்ணாடியைத் தள்ளினாள்.

டக்.

கீபோட் வெளியே வந்தது. அதோடு படமும் பக்கவாட்டில் திரும்பிப் படுத்தது. மணிக்கூடும் திகதியும் செத்த பாதிக்குள் போய்விட்டன. ஒன்பது புள்ளியும் ஒன்றுகூட மிச்சமில்லாமல் உயிருள்ள பாதிக்கு வந்து வரிசையாக நின்றன.

"அம்மா!" என்று நிருஷா கத்தினாள். "அம்மா, யூ ஆர் அ ஜீனியஸ்!"

யோகராணி போனை என்னிடம் தரவில்லை. தன் சுட்டுவிரலை வைத்து, கீழிருந்து மேலே, குறுக்கே, திரும்பக் கீழே என்று ஒரே இழுவையில் இழுத்தாள். திறந்துவிட்டது.

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"ரெண்டு வருஷம் பக்கத்துக் கதிரையிலை இருந்தனான். உங்கட விரல் போற வழி எனக்குத் தெரியாதே?"

"அப்ப ஏன் என்னைப் பதினஞ்சு தரம் கீறவிட்டனி?"

"நீங்கள் என்ன செய்யிறியள் எண்டு பாக்கத்தான்."

கோல் எடுத்த பட்டியலைத் திறந்தாள். குடிபூரலுக்கு முதல் கிழமை முழுதும் இருந்தது. ஐயருக்கு நாலு கோல். சாப்பாட்டுக்காரருக்கு ஏழு. மொன்ட்ரியால்-நோரில் இருந்த என் பழைய சினேகிதன் பத்திநாதருக்கு இருபத்திரண்டு. 'மச்சான் லொங்குய்' என்ற பெயர் எங்கும் இல்லை. மேலே போய்ப் பார்த்தாள், கீழே வந்து பார்த்தாள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். சித்திரை மாதத்து ஊத்தைப் பனி றோட்டோரத்தில் கரைந்துகொண்டிருந்தது. எனக்கும் கரையலாம் போலிருந்தது.

"எங்கை?" என்றாள்.

"பால் குடிச்ச போன். சிலது அழிஞ்சிருக்கும்."

"பத்திநாதர் அழியேல்லை."

பிறகு மெசேஜைத் திறந்தாள். அது இருந்தது. வியாழக்கிழமை பின்நேரம் நாலு பத்து. நான் வேலை செய்த பிளாஸ்டிக் பை பக்டரியில் இடைவேளை நேரம். ஆங்கில எழுத்தில் தமிழ்.

'மச்சான். ஞாயிறு குடிபூரல். விடிய ஆறு மணி. குடும்பத்தோடு வரவும். சண்முகலிங்கம்.'

தந்தி மாதிரி. வடிவாக அடித்திருக்கிறேன் என்று அன்றைக்கு நினைத்தது ஞாபகம்.

நிருஷா வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, எஸ்.எம்.எஸ்ஸா? மாமாக்கா?"

மெசேஜ் வந்தது என்று கிருபானந்தன் இந்தப் பதின்மூன்று வருஷத்தில் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. தனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை என்றுதான் சொன்னார். தங்கச்சி வீட்டுக் குடிபூரலுக்கு இப்படித்தான் அழைப்பு வந்தது என்று வெளியில் சொல்வது தங்கச்சிக்கு அல்லவா மரியாதைக் குறைவு.

அதோடு முடிந்திருந்தால் நானும் ஒரு மாதிரித் தப்பியிருப்பேன். யோகராணி விரலைக் கீழே இழுத்தாள். அவருடைய பதில் மூன்று இருந்தது.

வியாழக்கிழமை இரவு ஏழு மணி: 'மச்சான், கிடைச்சது. சந்தோஷம். ராணியை ஒரு சொல்லுச் சொல்லச் சொல்லுங்கோ. அது போதும்.'

சனிக்கிழமை மத்தியானம்: 'ராணி இன்னும் எடுக்கேல்லை. வேலையாக்கும். பரவாயில்லை, இரவு எண்டாலும் எடுக்கட்டும்.'

ஞாயிறு விடிய ஐந்து முப்பத்தைந்து: 'வெளிக்கிட்டு இருக்கிறம். ஒரு கோல்.'

அவள் மூன்றையும் சத்தமாக வாசித்தாள். மூன்றாவதை இரண்டு தரம் வாசித்தாள்.

முதல் இரண்டும் அப்போதே திறந்து வாசித்தவை. மூன்றாவது மட்டும் திறக்காமல் தடித்த எழுத்தில் கிடந்தது. போன் பொய் சொல்லாது. எனக்கும் அதற்கும் ஒத்துவராத விஷயம் அது ஒன்றுதான்.

"ரெண்டை வாசிச்சிருக்கிறியள்."

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நான் கோல் எடுக்கேல்லை எண்டது தெரிஞ்சிடும். அண்ணைக்கு முதல்லை எடுங்கோ, முதல்லை எடுங்கோ எண்டு நீ நாலு நாளாச் சொன்னனி. எடுத்திட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அகப்பைக்கும் தயாராக இருந்தேன். அவள் கதிரையில் இருந்தாள்.

"அம்மாவின்ர செத்தவீட்டிலை அண்ணை வந்து எனக்குப் பக்கத்திலை நிண்டவர்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மேசையைப் பார்த்துச் சொன்னாள். "தோளிலை கை வைச்சவர். நான் தட்டிவிட்டிட்டு மற்றப் பக்கம் போனனான். 'பொய்யன்' எண்டு சொன்னனான். அது அவற்ர காதிலை விழுந்தது."

எனக்கு எழுபத்தொரு வயது. எழுபத்தொரு வருஷத்தில் நான் சொல்லாத கதை இல்லை. அந்த நேரம் போனின் கீபோட்டை மெல்ல உள்ளே தள்ளி மூடினேன்.

அவள் எழும்பிச் சேலை மாற்றினாள். வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், சந்தனம், மேலே கலியாணக் காட். எல்லாவற்றையும் துணியால் மூடிக் கையில் எடுத்தாள். போனை மேசையிலேயே விட்டுவிட்டாள்.

"எழும்புங்கோ."

"நானுமோ?"

"நீங்கள்தான்."

நிருஷா காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். யோகராணி வேண்டாம் என்றாள். "நீ வந்தால் உன்ர முகத்துக்காகச் சரி எண்டிடுவார். எனக்கு அது வேண்டாம்."

செயின்ட்-மிஷேலில் மெற்றோ ஏறி, ஜோன்-தலோனில் மாறி, பெரி ஸ்டேசனில் மஞ்சள் லைனுக்கு இறங்கினோம். சனிக்கிழமைச் சனம். நான் இடம் பிடித்துக் கொடுத்தேன், அவள் இருக்கவில்லை. தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் பிடிக்காமல் நின்றாள். வண்டி ஆடியது, அவள் ஆடவில்லை. ஆற்றுக்கு அடியில் போகும்போது நான் ஒரு தரம் "இஞ்சேரப்பா" என்றேன். அவள் திரும்பவில்லை. அந்த மஞ்சள் லைன் மொத்தம் மூன்று ஸ்டேசன். அன்றைக்கு அதில் ஒரு முப்பது ஸ்டேசன் இருந்தது. நான் ஒவ்வொன்றாக எண்ணினேன்.

அங்கிருந்து பஸ். பஸ்ஸிலிருந்து நடை. ஒரே மாதிரி முப்பது பங்களா. வீட்டு நம்பர் எனக்கு மறந்துவிட்டது. அவளுக்கு மறக்கவில்லை.

மணி அடித்தாள். உள்ளே டிவி நின்றது. செருப்புச் சத்தம் வந்தது.

கதவைத் திறந்த கிருபானந்தனுக்கு எழுபத்துநாலு வயது. தலைக்கு மை பூசுவதை விட்டுவிட்டார். தலை முழுக்க வெள்ளை. தங்கச்சியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கடைசியாக, வேறு வழியில்லாமல், என்னையும் பார்த்தார்.

"அண்ணை."

"ம்."

"நிருஷாக்கு வைகாசியிலை கலியாணம். சொல்ல வந்தனான்."

அவர் தட்டுக்குக் கை நீட்டவில்லை. கதவு நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வாங்கோ என்றும் சொல்லவில்லை.

"முதல் ஒண்டு சொல்லாமல் கிடக்கேக்க, ரெண்டாவதைச் சொல்லுறது முறையோ ராணி?"

என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மன்னிப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் முன்னுக்கு வந்தேன். "மச்சான், அது முழுக்க என்ர பிழை. நான்தான்..."

"உம்மை நான் கேக்கேல்லை" என்றார். "நீர் வடிவா எழுதுவீர்."

மெசேஜில் 'நீங்கள்' ஆக இருந்தவன், பதின்மூன்று வருஷத்தில் 'நீர்' ஆகியிருந்தேன். விலைவாசிதான் ஏறும். மனிதர் இறங்குவோம்.

ஆனால் யோகராணிக்கு விளங்கிவிட்டது. அவள் தட்டை நேராகப் பிடித்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அண்ணை, செயின்ட்-மிஷேலிலை வீடு ஒண்டு வாங்கியிருக்கிறம். ஞாயிற்றுக்கிழமை குடிபூரல். விடிய ஆறு மணிக்கு. நீங்கள்தான் மூத்த ஆள், உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன். மச்சாளையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வந்திடுங்கோ."

கிருபானந்தனின் தாடை ஒரு தரம் அசைந்தது. நிலையில் வைத்திருந்த கை இறங்கியது. அவர் அழுதார் என்று எழுதினால் சண்டைக்கு வருவார். சித்திரைக் காற்று கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்வோம்.

"வாறம்" என்றார்.

யோகராணி தலையை ஆட்டினாள்.

"ஞாயிறு எண்டால், நாளைக்குத்தானே?" என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். புருவத்தாலும் சொன்னேன்.

"ஓம் அண்ணை" என்றாள் யோகராணி. "நாளைக்குத்தான்."

"ஐயர் வருவாரோ?"

"வருவார்."

"அப்ப ஆறு மணிக்கு."

"மச்சான்" என்றேன் நான், கதவு மூடுவதற்குள். "கலியாணம்?"

"குடிபூரலுக்கு வந்து பாத்திட்டுச் சொல்லுறன்."

கதவு மூடியது. படியில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். பின்நேரம் நாலு மணி. ஐயருக்குச் சொல்லவில்லை. பானை இல்லை. முன் கதவை மறித்து நிருஷாவின் கலியாணச் சாமான் பதினாறு பெட்டி. பதின்மூன்று வருஷமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு, நாளை விடியக் காலமை நாங்கள் புதிதாகக் குடிபோக வேண்டும்.

யோகராணியின் கையில் இருந்த தட்டைப் பார்த்தேன். கலியாணக் காட்டை அவர் எடுக்கவில்லை.